அறுந்த தண்டுவடமும் அச்சிட்ட பாலமும்



முதுகெலும்பு முறிவது வேறு. தண்டுவடம் சிதைவது வேறு. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் ஒன்றாக்கி, ‘முதுகு ஒடிந்துவிட்டது’ என்று சொல்லிவிடுகின்றோம். எலும்பு நன்றியுள்ள பொருள். முறிந்த முனைகளைச் சேர்த்து அசையாமல் வைத்திருந்தால் சில மாதங்களில் தானே கூடிக்கொள்ளும். அந்த எலும்பு வளையங்களின் நடுவே, மூளையிலிருந்து கயிறு போல இறங்கிவரும் தண்டுவடமோ அத்தகையதன்று. அது ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான் என்பதே நெடுங்காலம் மருத்துவ உலகின் முடிந்த முடிபாக இருந்தது. அம்முடிபு இப்பொழுது அசையத் தொடங்கியிருக்கிறது. ‘உயிர்த்திசுவை அச்சிட்டுத் தண்டுவடத்தைச் சேர்த்தார்கள், எலி நடந்தது’ என்பன போன்ற செய்திகளை நீங்களும் கண்டிருக்கக்கூடும். அவற்றில் எவ்வளவு மெய், எவ்வளவு இனிமேல்தான் மெய்யாக வேண்டியது என்பதைப் பிரித்தறிய உதவும் செய்திகள் சிலவற்றை இன்று சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் தண்டுவடத்தின் அமைப்பைப் பார்ப்போம். வளர்ந்த மனிதனிடம் அது ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் அளவு தடிப்பும் உடையது. அதிலிருந்து இருபுறமும் 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன. அதைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற சாம்பல் நிறப் பகுதியும், அதனைச் சூழ்ந்து வெண்மையான பகுதியும் தெரியும். நடுப்பகுதியில் நரம்பணுக்களின் உடல்கள் இருக்கின்றன. வெண்பகுதியில் இருப்பவை அவ்வணுக்களின் நீண்ட இழைகள். சில மேலே செல்வன, சில கீழே வருவன. இழைகள் பலவற்றை மயலின் என்னும் கொழுப்பு உறை மூடியிருக்கிறது. ‘காலைத் தூக்கு’ என்ற கட்டளை இறங்குவதும், ‘காலில் முள் தைத்தது’ என்ற செய்தி ஏறுவதும் இவ்விழைகளின் வழியே.

ஆதலால் தண்டுவடம் சிதைந்தால் நடைமட்டும் போவதில்லை. காயத்திற்குக் கீழே உள்ள அனைத்தும் மூளையின் ஆட்சியிலிருந்து விடுபட்டுப் போகின்றன. சிறுநீர்ப்பை, குடல், தோலின் உணர்ச்சி, இரத்த அழுத்தம் என்று அந்தப் பட்டியல் நீளும். கழுத்தின் மேற்பகுதியில் காயம் நேர்ந்தால் மூச்சே நின்றுவிடும். உலகில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர் இத்தகைய காயத்துடன் வாழ்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. சாலை விபத்துகளும் உயரத்திலிருந்து விழுவதுமே பெருங்காரணங்கள்.

கி.மு. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. 1862-இல் அதனை விலைக்கு வாங்கியவரின் பெயரால் எட்வின் ஸ்மித் சுவடி என்று அழைக்கப்படுகிறது. அதில் விவரிக்கப்பட்ட 48 காயங்களில் கழுத்தெலும்பு நழுவிக் கைகால் செயலிழந்த நிலையும் ஒன்று. இது மருத்துவம் செய்யத் தக்கதன்று என்று அந்நூல் கைவிட்டுவிடுகிறது. மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. முதல் உலகப்போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவில் இறந்துபோயினர். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், காயத்தைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் மனிதனைக் காப்பாற்ற முடியும் என்று காட்டினார். நமது வேலூரிலும் இவ்வழி வந்தவர் ஒருவர் உண்டு. கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் மோட்டார் விபத்தில் கால்களின் செயலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் ஒன்று தோன்றக் காரணமாயினார். இன்றளவும் தண்டுவடக் காயமுற்றோர்க்குக் கைகண்ட உதவி இந்த மறுவாழ்வுப் பயிற்சியே. இனிச் சொல்லப் போகும் ஆய்வுகள் எதுவும் அதன் இடத்தை இன்னும் பிடித்துவிடவில்லை.

சரி, தண்டுவடம் ஏன் கூடுவதில்லை? ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால், நரம்பணு ஆராய்ச்சிக்காக 1906-இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்த உயிரின் மூளையிலும் தண்டுவடத்திலும் எதுவும் மடியலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்னும் கருத்தை அவர் நிலைநாட்டினார். ஆயினும் இதில் ஒரு புதிர் இருந்தது. கையிலோ காலிலோ உள்ள நரம்பு அறுந்தால், அதன் இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்ந்து பழைய இடத்தை அடைய முயல்கின்றது. இழை இரண்டிடத்திலும் ஒரே தன்மையதுதானே? அங்கே வளர்வது இங்கே ஏன் வளர மறுக்கிறது?

இதற்கு விடை தந்த சோதனை 1981-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் நடந்தது. சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகிய இருவரும் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, அதன் ஒரு முனையை மூளைத்தண்டிலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் செருகிப் பாலமாக வைத்தனர். வளரவே மாட்டா என்று கருதப்பட்ட இழைகள் அப்பாலத்தினுள் 30 மில்லிமீட்டர் வரை வளர்ந்து சென்றன! மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்தைத் தொட்டதும் சிறிது தூரத்திலேயே நின்றுவிட்டன. விதையில் குறையில்லை, நிலத்தில்தான் குறை என்று விளங்கிற்று. இந்த ஒரு சோதனையை நான் மிகவும் மதிக்கின்றேன். பெரிய கருவிகள் எவையும் இன்றி, கேள்வியைச் சரியாகக் கேட்டதாலேயே விடை கிடைத்த சோதனை இது.

நிலத்தின் குறைகள் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. காயமுற்ற இடத்தில் துணைச் செல்கள் கூடித் தழும்பாக இறுகுகின்றன. அத்தழும்பு காயம் பரவாமல் காக்கிறது. ஆனால் இழைகளுக்கு வேலியாகவும் நிற்கிறது. சிதைந்த மயலின் உறையிலுள்ள சில புரதங்கள் வளரும் நுனியைச் சுருங்கச் செய்கின்றன. சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் 1988-இல் இதனை எடுத்துக்காட்டினார். மேலும், செல்கள் மடிந்த இடத்தில் நீர் நிறைந்த பொந்து ஒன்று உண்டாகிவிடுகிறது. அவரைக் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். எத்துணை வீரியமுள்ள கொடியாயினும், பற்றிக்கொள்ளக் கொழுகொம்பு இல்லையேல் தரையில் சுருண்டு கிடக்கும். பொந்தின் கரையில் நிற்கும் நரம்பிழையின் நிலையும் அதுவே.

ஆகவே தேவைப்படுபவை இரண்டு. மடிந்த செல்களுக்கு மாற்றுச் செல்கள் வேண்டும்; அவற்றின் இழைகளைச் சரியான திசையில் செலுத்தும் கொழுகொம்பு வேண்டும். முதலாவதைத் தருவது ஸ்டெம் செல். இரண்டாவதைத் தருவது அச்சு.

ஸ்டெம் செல் என்பதைக் குருத்தணு என்றும் சொல்வர், நல்ல பெயர். இன்ன உறுப்பாக ஆவது என்று இன்னும் தீர்மானிக்கப்படாத இளஞ்செல் அது. மனிதக் கருவின் ஸ்டெம் செல்லை 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் பிரித்தெடுத்தார். கருவை அழிப்பது முறையா என்ற வழக்கு உடனே எழுந்தது. ஜப்பானியர் ஷின்யா யாமனாகா 2006-இல் வேறொரு வழி கண்டார். எலியின் வளர்ந்த செல்லினுள் நான்கே நான்கு ஜீன்களைப் புகுத்தி, அதனை மீண்டும் குருத்து நிலைக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே மனிதத் தோல் செல்லிலும் இது கைகூடிற்று. 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இவ்வாறு பெற்ற செல்களைத் தக்க சூழலில் வளர்த்து, நரம்பணுவாக மாறும் பாதையில் பாதித் தூரம் கொண்டுவந்து நிறுத்தலாம். அந்தப் பாதி வழிச் செல்களே நடுவதற்கு ஏற்றவை. நாற்றங்காலிலிருந்து எடுக்கும் நாற்றைப் போல.

இங்கே பலரும் தவறாக எண்ணிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நட்ட செல்கள் அறுந்த பழைய இழைகளின் இரு முனைகளையும் பிடித்து ஒட்டிவிடுவதில்லை. பழைய இழை சிறிதளவே வளர்ந்து புதுச் செல்லைத் தொடுகிறது. புதுச் செல் தன் சொந்த இழையைக் கீழே அனுப்பி, காயத்திற்கு அப்பாலுள்ள வேறொரு நரம்பணுவைத் தொடுகிறது. விளையாட்டு விழாவில் அஞ்சலோட்டம் பார்த்திருக்கின்றீர்கள். முதல் ஓட்டக்காரன் எல்லைவரை ஓடுவதில்லை. கோலை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறான். தண்டுவடச் சீரமைப்பில் ஆய்வாளர்கள் நாடுவது அத்தகைய கைமாற்றமே.

இது நடக்கக்கூடியதே என்று 2012-இல் கலிபோர்னியாவின் சான் டியகோவில் மார்க் டஷின்ஸ்கியின் குழுவினர் எலிகளில் காட்டினர். தண்டுவடம் முற்றிலும் வெட்டப்பட்ட எலிகளில் நட்ட செல்கள் நெடுந்தொலைவுக்கு இழை விட்டன. பின்னங்கால்களில் அசைவும் ஓரளவு திரும்பிற்று. ஆனால் 2014-இல் அதே மாநிலத்தின் இர்வைனில் வேறொரு குழுவினர் அச்சோதனையைத் திரும்பச் செய்தனர். இழைகள் நீண்டு வளர்ந்தது உண்மை என்று கண்டனர். கால் அசைவில் முன்னேற்றம் காணவில்லை. அன்றியும், நட்ட செல்கள் சில தொலைவான இடங்களுக்குப் போய்க் குடியேறியிருப்பதையும் கண்டனர். ஒருவர் கண்டதை மற்றொருவர் திரும்பச் செய்து பார்ப்பது விஞ்ஞானத்தின் உயிர்நாடி. செய்தித்தாள்களில் முதற்செய்தி பெரிய எழுத்தில் வரும். இரண்டாவது செய்தி பெரும்பாலும் வருவதே இல்லை.

செல்கள் மனம்போன போக்கில் இழை விடாமல் வரிசையாகச் செல்லச் செய்வது எப்படி? இங்கேதான் அச்சு வருகிறது. கணினி காட்டும் வடிவத்தை அடுக்கடுக்காகப் படியச்செய்து முப்பரிமாணப் பொருளாக ஆக்கும் முறைக்கு 1984-இல் சார்லஸ் ஹல் காப்புரிமை கோரினார். மைக்குப் பதிலாக உயிர்ச் செல்களைக் கூழில் கலந்து பயன்படுத்தினால் என்ன என்று பின்வந்தோர் எண்ணினர். இப்பொழுது உள்ள முறைகள் பல; இரண்டை மட்டும் சொல்கின்றேன்.

முதலாவது, டஷின்ஸ்கியும் பொறியியலாளர் ஷாவோசென் சென்னும் தம் குழுவினருடன் 2019-இல் வெளியிட்டது. ஒளி பட்டால் இறுகும் ஒருவகைக் கூழின் மீது தண்டுவடத்தின் குறுக்குவெட்டு உருவத்தை ஒளியாகப் பாய்ச்சுகின்றனர். ஒளி பட்ட இடம் இறுகுகிறது. படாத இடம் துளையாக நிற்கிறது. நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவம், சுற்றிலும் நேரான நுண்குழாய்கள். குழாயின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு மில்லிமீட்டர் உள்ள இந்தச் சாரத்தை அச்சிட ஆன நேரம் 1.6 விநாடி! அக்குழாய்களில் நரம்புக் குருத்துச் செல்களை நிரப்பி, எலியின் வெட்டுண்ட தண்டுவடத்தின் இடைவெளியில் பொருத்தினர். இரத்தக் குழாய்கள் உள்ளே படர்ந்தன. இழைகள் குழாய் காட்டிய திசையில் சென்று மறுபுறம் வெளிவந்தன. பின்னங்கால்களின் மூட்டுகளில் அசைவு திரும்பிற்று. ‘அசைவு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த எலிகள் முன்போல் உடற்பாரத்தைத் தாங்கி ஓடித்திரியவில்லை. ‘எலி நடந்தது’ என்பது தலைப்பிட்டவரின் அவசரம்.

இரண்டாவது, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் கையாண்டது. இவர்கள் சாரத்தை மட்டுமின்றிச் செல்களையுமே நுண்ணிய மூக்கின் வழியே, சாரத்தின் வாய்க்கால்களில் இட்ட இடத்தில் இட்டவாறு அச்சிடுகின்றனர். 2018-இல் இதன் முறையை வெளியிட்டனர். தண்டுவடம் முழுதும் அறுந்த எலிகளில் பொருத்திப் பார்த்த முடிவை 2025-இல் வெளியிட்டனர். புதுச் செல்கள் மேலும் கீழுமாக இருதிசையிலும் இழை விட்டன. எலிகளின் இயக்கத்தில் முன்னேற்றம் இருந்தது.

மனிதரிடம் இந்த அச்சிட்ட பாலம் இன்னும் வழக்கமான மருத்துவமாகவில்லை. மனிதரிடம் முயன்று பார்க்கப்பட்டவற்றுள் ஒன்று, சாரம் இன்றிச் செல்களை மட்டும் செலுத்துவது. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ, மசாயா நகமுரா ஆகியோர் யாமனாகா முறையில் பெற்ற செல்களை 2021 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தினர். ஒருவருக்கு இருபது இலட்சம் செல்கள். காயம்பட்டு இரண்டு முதல் நான்கு வாரத்திற்குள் இருப்பவர்களையே தேர்ந்தெடுத்தனர். அதற்கு முன்னே புண் கொதித்துக்கொண்டிருக்கும்; அதற்குப் பின்னே தழும்பு இறுகிவிடும். 2025 மார்ச்சில் முடிவை அறிவித்தனர். நால்வரில் இருவருக்கு முன்னேற்றம். அவர்களுள் ஒருவர் துணையின்றி எழுந்து நிற்கவும் நடைப் பயிற்சியைத் தொடங்கவும் முடிந்தது. மற்ற இருவரின் நிலை மாறவில்லை. தீங்கு பெரிதாக எதுவும் நேரவில்லை என்பதே இச்சோதனையின் முதன்மையான பயன். ஏனெனில் இது காப்பு உண்டா என்று பார்க்கவே நடத்தப்பட்டது.

எழுந்து நின்றவர் செல்களால்தான் எழுந்தாரா? அதைத் திட்டமாகச் சொல்ல இயலாது. தண்டுவடக் காயமுற்றோரில் சிலர் முதல் ஆண்டில் தாமாகவே ஓரளவு தேறுவதுண்டு. பயிற்சியாலும் தேறுவதுண்டு. செல் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் போதிய எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி, எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. கெயோ அறிஞர்களும் மேலும் சோதனை வேண்டும் என்றே கூறினர்.

இந்த ஒப்பீடு ஏட்டளவில் நிற்கும் விஷயமன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுக் கிடந்தார். ஸ்டெம் செல் ஊசியால் நடக்க வைப்பதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் நிலையத்தின் வண்ணத் தாளை என்னிடம் நீட்டி, ‘சார், இருக்கிற நிலத்தை விற்றுவிடலாமா?’ என்று கேட்டார். நான் மருத்துவன் அல்லன். ஆனால் தாளில் இருப்பதைப் படித்துக் கேள்வி கேட்பது ஆசிரியன் தொழில். எந்தச் செல், எங்கிருந்து எடுத்தது? இது பதிவு செய்யப்பட்ட சோதனையா? சோதனையென்றால் நோயாளியிடம் பணம் ஏன்? ஊசி பெறாதவர்களோடு ஒப்பிட்ட கணக்கு எங்கே? இந்நான்கையும் எழுதிக் கொடுத்து, அவர்களிடமே கேட்கச் சொன்னேன். எதற்கும் எழுத்தில் பதில் வரவில்லை. நிலம் விற்கப்படவில்லை, தம்பி மறுவாழ்வுப் பயிற்சிக்குச் சென்றார்.

சட்டத்தின் நிலையும் இக்கேள்விகளுக்கு அரணாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரத்த நோய்கள் போன்ற ஒப்புக்கொள்ளப்பட்ட சிலவற்றைத் தவிர, மற்றவற்றிற்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற சோதனையாக மட்டுமே பயன்படுத்தலாம். பணம் போனால் போகட்டும் என்று எண்ணுவோரும் உண்டு. அவர்களுக்காக ஒரு செய்தி. அமெரிக்காவின் அயோவா மருத்துவர்கள் 2014-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். தண்டுவடம் சிதைந்த ஓர் இளம்பெண் வேறொரு நாட்டுக்குச் சென்று, தம் மூக்கின் உட்சவ்விலுள்ள செல்களை முதுகில் வைத்துக்கொண்டார். எட்டாண்டு கழித்து வலி வந்தது. திறந்து பார்த்தால், அங்கே ஒரு கட்டி. சளி போன்ற நீரைச் சுரந்துகொண்டிருந்தது. செல்லுக்கு நாம் எண்ணிய உறுப்பாகவே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை.

இனி மீதமிருக்கும் தொலைவைச் சொல்லிவிடுகின்றேன். எலிக்கு இரண்டு மில்லிமீட்டர் பாலம் போதும். மனிதக் காயத்தின் நீளம் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும். மனிதக் காயத்தின் வடிவுக்கு ஏற்ற நான்கு சென்டிமீட்டர் சாரத்தைச் சான் டியகோ குழுவினர் பத்து நிமிடத்திற்குள் அச்சிட்டுக் காட்டியிருக்கின்றனர்; அச்சிடுவது எளிது, அதனுள் உயிர் தங்குவதே அரிது. இன்னொன்று, பெரும்பாலான சோதனைகள் புதுக் காயத்தின் மீதே நடந்தவை. பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்போரின் தழும்பு முற்றிய தண்டுவடம் வேறு ஒரு வினா. சுத்தமாக வெட்டிய எலியின் காயமும், லாரி மோதி நசுங்கிய மனிதனின் காயமும் ஒன்றல்ல.

ஆனால் பயன் காண முழுத்தொலைவும் கடக்க வேண்டும் என்பதில்லை. கைகால் நான்கும் செயலற்றோரிடம் எது திரும்பினால் வாழ்வு மிகவும் மாறும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கேட்டு, 2004-இல் விடையை வெளியிட்டது. நடை முதலிடம் பெறவில்லை; கையின் செயலையே மிகுதியானோர் கேட்டனர். இதன் காரணம் உடற்கூற்றைப் படிப்போர்க்கு உடனே விளங்கும். கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் ஐந்தாம் கணு வரை செயல்பட்டால் முழங்கையை மடக்கலாம். ஆறாம் கணுவும் செயல்பட்டால் மணிக்கட்டை நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது விரல்கள் தாமே சற்று மடங்குவதால் ஒரு குவளையைப் பிடிக்கலாம். ஏழாம் கணுவும் சேர்ந்தால் முழங்கையை நீட்டலாம். முழங்கையை நீட்ட முடிந்தவர், உள்ளங்கைகளை ஊன்றித் தம் உடலைத் தாமே தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொள்ள முடியும். பிறர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு விரற்கடை அளவுதான்.